அஃபுவாவுக்காக ஒழித்த இடம்

“அவங்க வந்து என்னப் பத்திக் கேட்டா நீ என்ன சொல்லுவ, திவா?”

குழாயடியில் குந்தி ஆஸ்பத்திரிச் சீருடையைத் துவைத்துக்கொண்டே பிராகோ கேட்டாள். நலத்துறை அம்மா வீட்டைப் பார்க்க வருவதற்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. பக்கத்து அறையில் இருந்து ஆசிரியர் பயிற்சி படிக்கிற திவா, தன் முறைக்காக வாளியோடு நின்றிருந்தாள். கேட்டவுடன் பதில் சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

“நீங்க சுத்தமானவங்கன்னு சொல்லுவேன், ஆன்ட்டி.”

“இந்த பக்கெட்டும்தான் சுத்தமா இருக்கு. அதுகிட்ட புள்ளையக் குடுப்பாங்களா? இன்னும்?”

“ஒரு நாளும் வேலைக்கு லேட்டாப் போனதில்ல.”

“சரி. இன்னும்?”

“குடிக்கிறதில்ல. கண்ட ஆம்பளைங்க வந்து கதவத் தட்டறதில்ல.”

“அதச் சொல்லாத. அதச் சொன்னா இல்லாத ஆம்பள எல்லாம் அந்தம்மா மனசுல வந்து தட்ட ஆரம்பிச்சிடுவான். இன்னும்?”

திவா யோசித்தாள். “செரேவாவ ஆறு வயசுல இருந்து நீங்கதான் வளர்க்கறீங்கன்னு சொல்லுவேன்.”

துவைக்கிற கை நின்றது.

“அத மட்டும் சொல்லிடாத.”

“ஏன், அது நல்லதுதானே?”

“அவ என் தங்கச்சி பொண்ணு. தங்கச்சி வயித்துல பொறந்தா என்ன, என் வயித்துல பொறந்தா என்ன? சொந்தப் புள்ளைக்குச் சோறு போட்டேன்னு ஊரக் கூட்டிச் சொல்லுவாங்களா? அவங்க கேக்கறது அடுத்தவங்க புள்ளைய எப்படிப் பாத்துப்பேன்னு.”

வாசல் கதவு படாரெனத் திறந்தது. பள்ளிச் சீருடையோடு, தலையில் காலித் தகரத் தொட்டியோடு செரேவா உள்ளே வந்தாள். பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் பாக்கெட் விற்றுவிட்டு வருகிறாள். “மா, இன்னைக்கு ஒண்ணுகூட மிச்சமில்ல!” என்று முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்தே கத்தினாள்.

பிராகோ குரலைத் தாழ்த்தினாள். “பாத்தியா? இந்தக் கோலத்துல இவ வந்து நின்னா அந்தம்மா என்ன நெனைப்பா? இருக்கற வேலைக்காரி பத்தாதுன்னு இன்னொருத்தியத் தேடறா இவன்னு நெனைப்பா.”

“அதுக்கு?”

“அவங்க வர்றப்ப இவ இங்க இருக்க மாட்டா.”

துணியை ஓங்கி உதறிக் கொடியில் போட்டுவிட்டு அவள் அறைக்குள் போனாள். திவா வாளியைக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.

குமாசி நகரத்தில், டாஃபோ பக்கம், முற்றத்தைச் சுற்றி ஒன்பது குடித்தனங்கள் உள்ள வீடு அது. ஒரே குழாய், ஒரே குளியலறை. யார் வீட்டுச் சூப்பில் மீன் இல்லை என்பது மற்ற எட்டு வீட்டுக்கும் தெரிந்துவிடும். பிராகோவுக்கு அதில் ஓர் அறை. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பிரசவ வார்டில் தரை துடைக்கிற வேலை. அங்கே வலியில் துடிக்கிற பெண்கள் டாக்டருக்குப் பயப்படுவதைவிட இவளுக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். “நீ போடற சத்தத்துல உள்ள இருக்கறது பயந்து அங்கயே தங்கிடப் போவுது” என்று துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சொல்லுவாள். முற்றத்திலும் அதே குரல்தான்.

அவளுக்குக் குழந்தை இல்லை. எட்டு வருஷம் பார்த்துவிட்டுப் புருஷன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அந்த இன்னொருத்தி முதல் பிரசவத்துக்கு வந்து படுத்தது பிராகோ துடைக்கிற வார்டில். அந்தக் கட்டிலுக்கு அடியிலும் அவள்தான் துடைத்தாள். ஆண் குழந்தை. “நல்லாத் துடைச்சேன், ஒரு சொட்டுகூட விடல” என்று அவளே திவாவிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். கேட்கிறவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தவிக்க வேண்டும், அவளுக்கு அதுதான் வேண்டும்.

வாழ்க்கை முறிந்து தனியாக வந்தபோதுதான் தங்கை தன் மூன்றாவது பெண்ணை அனுப்பி வைத்தாள். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர ஓர் ஆள், ‘மா’ என்று கூப்பிட ஒரு வாய். அக்காவுக்குப் பிள்ளையில்லையென்றால் தங்கை அப்படித்தான் செய்வாள், யாரும் அதைப் பெரிதாக எடுத்துப் பேசுவதில்லை. செரேவா தண்ணீர் பிடித்தாள், முற்றம் கூட்டினாள், பள்ளிக்கூடம் போனாள், அடியும் வாங்கினாள். பிராகோவின் கட்டிலுக்குக் காலடியில் பாய் விரித்துப் படுத்தாள்.

அஃபுவா வந்தது அதற்குப் பிறகு. வடக்கிலிருந்து சந்தையில் சுமை தூக்க வந்த ஒரு சின்னப் பெண் அந்த வார்டில் பெற்றுப் போட்டுவிட்டு, துணி அலசப் போவதுபோல எழுந்து போனவள் திரும்பவில்லை. வெள்ளிக்கிழமை பிறந்ததால் அஃபுவா. அதற்கு மேல் ஒரு பெயர் யோசிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. நர்சுகள் இருந்த அவசரத்தில் அழுகிற குழந்தையைப் பிராகோ முதுகில் துணியால் கட்டிக்கொண்டு தரை துடைத்தாள். குழந்தை தூங்கியது. மறுநாளும் கட்டிக்கொண்டாள். நலத்துறை வண்டி வந்து குழந்தைகள் இல்லத்துக்கு எடுத்துப் போகிறவரை அப்படியே ஓடியது. அன்று அவள் யாரையும் திட்டவில்லை, வார்டே பயந்துவிட்டதாம்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் செரேவாவைக் கூட்டிக்கொண்டு இல்லத்துக்குப் போனாள். வளர்ப்புத் தாயாகப் பதிந்துகொண்டால் குழந்தையை வீட்டுக்கே தருவார்கள் என்று தலைமை நர்ஸ்தான் சொன்னாள். சொல்லி, அவளே சிபாரிசும் செய்தாள். ஒப்புதல் கிடைக்கும் முன்னால் வீட்டைப் பார்க்க ஆள் வரும் என்றார்கள்.

அப்போது பிடித்தது பிராகோவுக்குப் பேய். சுவருக்கு நீலம் அடித்தாள். தண்ணீர் பீப்பாய்க்கு மூடி போட்டாள். எந்நேரமும் பாடுகிற குடிகார ராஸ்தா கெவினிடம் போய், “ஒரு நாளைக்கு உன் பாட்ட முழுங்கிடு, மறுநாள் நான் உனக்குக் குடிக்க வாங்கித் தரேன்” என்று பேரம் பேசினாள். ஒன்பது வீட்டுக்கும் வறுத்த மீன் கொடுத்தாள். எல்லாவற்றையும்விட வேடிக்கை, மெல்லப் பேசப் பழகியதுதான். “மாமே போகுவா, தயவுசெஞ்சு உங்க கரி அடுப்பக் கொஞ்சம் தள்ளி வைக்கிறீங்களா?” என்று தேனாகக் கேட்டாளாம். வீட்டுக்காரி போகுவா பதறிப்போய், “யாரு செத்தா?” என்றாள். முற்றமே சிரித்தது.

செரேவாதான் அவளைவிட அதிகம் ஓடினாள். சுவருக்குக் கீழ்ப்பாதி அவள் அடித்தது. தச்சன் கொண்டுவந்த தொட்டில்கட்டிலை எங்கே வைப்பது என்று பிராகோ திணறியபோது, தன் பாயைச் சுருட்டிவிட்டு, “இங்க வைங்க மா, இங்கதான் காத்து வரும். நான் மேசைக்கு அடியில படுத்துக்கறேன்” என்றாள். தலையணையை முதுகில் கட்டிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வந்தாள். “இன்னும் பல்லு முளைக்கல, அதான் சாப்பிட மாட்டேங்குது” என்று தலையணையைக் காட்டித் திவாவிடம் சொன்னாள்.

அவளை ஊருக்கு அனுப்பும் யோசனையைக் கொடுத்தது போகுவா. ஆறு பெற்றவள், பிள்ளை வளர்ப்பில் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்கிற நினைப்பு. “ரேடியோவுல தெனம் சொல்றான், கேக்கல? புள்ளைங்கள வேலை வாங்குனா ஜெயிலாம். அந்தப் பொண்ணு தலையில தொட்டியப் பாத்தாங்கன்னா உனக்குப் பூனைக்குட்டிகூடக் குடுக்க மாட்டாங்க. ஒரே ரூம் வேற. தலைய எண்ணுவாங்க.”

பிராகோவுக்கு அது சரியாகப் பட்டது. வருகைக்கு முந்தின நாள் காலையில், செரேவாவிடம் எதுவும் விளக்காமல், “அம்மாவப் பாத்துட்டு வா” என்று பையைக் கையில் கொடுத்தாள். பையோடு பாயையும் சேர்த்துக் கொடுத்தபோதுதான் பெண்ணுக்குப் புரிந்தது.

“எதுக்கு மா பாய்?”

“இங்க எடத்த அடைக்குது.”

தலையில் பாயை வைத்துக்கொண்டு முற்றத்தைக் கடக்கும்போது அவள் அழுதாள். ஒன்பது கதவும் திறந்திருந்தன. பிராகோ பின்னாலேயே போய் ட்ரோட்ரோ வண்டியில் ஏற்றிவிட்டு, நேரே வேலைக்குப் போனாள்.

நலத்துறையிலிருந்து வந்த மிஸஸ் எசுமான் குட்டையானவள், கடற்கரைப் பக்கத்துக்காரி, சிரித்த முகம். பிராகோ நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, “இங்க எல்லாம் நல்லபடி. நீங்க வந்த சேதி?” என்று முறைப்படி கேட்டாள். தெரிந்ததைத் தெரியாததுபோலக் கேட்பதுதான் மரியாதை. வந்தவளும் முறைப்படி வந்த காரியத்தைச் சொன்னாள். பீப்பாய் மூடியைத் திறந்து மூடினாள். பினாயில் எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்தாள். தொட்டில்கட்டிலைக் கையால் ஆட்டிப் பார்த்து, “நல்ல எடமாப் பாத்து வச்சிருக்கீங்க” என்றாள்.

“நான்தான் வச்சேன்” என்றாள் பிராகோ, மெல்லிய குரலில்.

திவா தன் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

“சரி, அந்தப் பொண்ணக் கூப்பிடுங்க” என்றாள் மிஸஸ் எசுமான்.

“எந்தப் பொண்ணு?”

“ஞாயித்துக்கெழம உங்களோட வருவாளே, உங்க தங்கச்சி மக. அஃபுவா அவ முதுகுலதானே தூங்கும்? இறக்கினா அழும்னு இல்லத்துல சொன்னாங்க. பாதி நான் அவளப் பாக்கத்தான் வந்தேன்.”

பிராகோவின் முகம் மாறியதைத் திவா பார்த்தாள்.

“அவ ஊருக்குப் போயிருக்கா. லீவுக்கு.”

“பள்ளிக்கூடம் நடக்குதே.”

முற்றத்தின் நடுவே உரலில் ஃபூஃபூவுக்குக் கிழங்கு குத்திக்கொண்டிருந்த போகுவா உலக்கையை நிறுத்தினாள். “லீவா? பாயத் தலையில வச்சுக்கிட்டு ஒப்பாரி வச்சுக்கிட்டுல்ல போனா! என் கடைசிப் புள்ளகூட அவளப் பாத்து அழுதுச்சே” என்றாள். குரலில் இரக்கம் ததும்பியது.

மிஸஸ் எசுமான் கோபப்படவில்லை. “அடுத்த வாரம் திரும்ப வரேன், அப்ப அவ இருக்கட்டும். வீட்ல இருக்கற புள்ளகிட்ட தனியாப் பேசாம நாங்க முடிவு பண்றதில்ல” என்றாள். தண்ணீருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

வாசல் கதவு மூடியதுதான் தாமதம், பிராகோவின் பழைய குரல் திரும்பிவிட்டது. “அனுப்பச் சொன்னது நீதானடி!”

“நான் ஆயிரம் சொல்லுவேன். நான் என் புள்ளைய அனுப்புனேனா?” என்றாள் போகுவா. உலக்கை மறுபடி விழத் தொடங்கியது.

மறுநாளே பிராகோ, எஜுரா தாண்டி இருக்கிற தங்கை ஊருக்குக் கிளம்பினாள். தனியாகப் போகத் தைரியமில்லாமல் திவாவையும் இழுத்துக்கொண்டாள். அங்கே செரேவா நிழலில் உட்கார்ந்து மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து நின்று, “வாங்க ஆன்ட்டி” என்றாள். பிராகோவிடம் வளர வந்த பிறகு முதல் தடவையாக ‘மா’ இல்லை. பிராகோ காதில் விழாததுபோல இருந்தாள்.

தங்கைக்குத்தான் ஆத்திரம். “சட்டியா இது, வேணுங்கறப்ப வாங்கிட்டு வேணாங்கறப்பக் கவுத்து வைக்க? பஸ்ஸுல ஒரு பொட்டலம் மாதிரி வந்து எறங்குது புள்ள. கூட ஒரு சொல் அனுப்புனியா நீ?”

“இப்ப கூட்டிட்டுப் போகத்தானே வந்திருக்கேன்.”

செரேவா சோளத்தைத் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டாள். “எத்தன நாளைக்கு?”

“மொதல்ல பையத் தூக்கு” என்றாள் பிராகோ.

தங்கை வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். செரேவா பையை எடுத்தாள். பாயை எடுக்கவில்லை.

திரும்புகிற வழியெல்லாம் வண்டியில் பாடம் நடந்தது.

“உன்ன அடிப்பாங்களான்னு கேப்பாங்க.”

“அடிப்பீங்களே.”

“எல்லா அம்மாவும்தான் அடிக்கறா! நீ…” பிராகோ திவாவைப் பார்த்தாள். திவா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். “சரி, பொய் சொல்ல வேணாம். பொய் சொன்னாக் கண்டுபிடிச்சிடுவாங்க. கேட்டதுக்கு மட்டும் உண்மையச் சொல்லு. கேக்காததச் சொல்லாத.”

“சரி, ஆன்ட்டி.”

“மான்னு கூப்பிடு.”

“சரி, மா.”

இரண்டாம் முறை வந்த மிஸஸ் எசுமான் திவாவின் அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, செரேவாவை அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். பிராகோவும் திவாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். போகுவா துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்து ஒருமுறை செரேவாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிராகோ திவாவின் தொடையைப் பிடித்து அழுத்தினாள். “சிரிக்குது, பாத்தியா? சிரிக்குது.” நகம் பதிந்தது.

முடிவைச் சொல்வதற்காக நலத்துறை அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். அதற்கும் பிராகோ திவாவைத்தான் துணைக்குக் கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமைத் துணியை உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். குழந்தையை அன்றே தந்துவிட்டால் கட்டிக்கொள்ள இன்னொரு துணியைப் பையில் மடித்து வைத்திருந்தாள்.

மிஸஸ் எசுமான் நாற்காலி காட்டி, அன்றும் சிரித்துத்தான் பேசினாள். “உங்க வீடு சுத்தம். நீங்க உழைப்பாளி. அந்தப் பொண்ணு உங்களப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை பேசல. ஆனா இப்ப எங்களால குடுக்க முடியாதும்மா.”

“எதுக்கு?”

“வரப்போற புள்ளைக்கு எடம் பண்ண, இருக்கற புள்ளைய எடுத்து வெளிய வச்சிட்டீங்க.”

பிராகோவின் மெல்லிய குரல் எங்கோ போய்விட்டது. “அவ என் புள்ள! என் புள்ளைய நான் எங்க வேணா அனுப்புவேன், எப்ப வேணாக் கூப்பிடுவேன். அத யாரு கேக்கறது?”

“அதாம்மா பயமா இருக்கு. அஃபுவாவும் நாளைக்கு உங்க புள்ளையாயிடுவா” என்றாள் மிஸஸ் எசுமான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இல்லத்துக்கு வருவதையும் இனி நிறுத்திக்கொள்ளச் சொன்னாள். வந்து வந்து போனால் குழந்தைக்குத்தான் கஷ்டம் என்றாள். இனிமேல் வேறொரு குடும்பம் கிடைத்தால், அப்போது அது சிரமமாகிவிடும் என்றாள். எல்லாவற்றையும் அன்பாகவே சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் பிராகோ செருப்பைக்கூடக் கழற்றாமல் செரேவாவைக் கூப்பிட்டாள்.

“அந்தம்மா உங்கிட்ட என்ன கேட்டாங்க?”

“என்ன சாப்பிடுவ, என்ன படிக்கற, எல்லாம் கேட்டாங்க. மா அடிச்சா எதுக்கு அடிப்பாங்கன்னு கேட்டாங்க. நான் தப்பு செஞ்சாதான்னு சொன்னேன்.”

“அப்புறம்?”

“அந்தப் பாப்பா வந்தா நீ எங்க படுப்பன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“தெரியாதுன்னு சொன்னேன். எனக்கு யாரும் சொல்லல இல்ல?”

“மேசைக்கு அடியிலன்னு சொல்ல வேண்டியதுதானே. நீயே சொன்னியே அன்னைக்கு.”

“அது நீங்க அனுப்பறதுக்கு முன்னாடி” என்றாள் செரேவா. அதில் கோபம் எதுவும் இல்லை. கணக்கு ஒப்பிக்கிற பிள்ளைபோலச் சொன்னாள்.

அடிப்பாள் என்று முற்றம் காத்திருந்தது. பிராகோ அடிக்கவில்லை. அன்று புளித்த சோளமாவுக் கென்கேயோடு பெரிய மீன் துண்டத்தைச் செரேவாவின் தட்டில் வைத்தாள், தான் சாப்பிடவில்லை. மறுநாள் காலை பையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

“ஒம்மேல தப்பில்ல. ஆனா ஒம் மூஞ்சியப் பாத்தா எனக்கு அதுதான் ஞாபகம் வருது. போ.”

இந்தத் தடவை செரேவா அழவில்லை. குனிந்து எல்லோருக்கும் காலை வணக்கம் சொல்லிக்கொண்டே முற்றத்தைக் கடந்தாள். போகுவாவுக்கும் சொன்னாள். அன்று போகுவாவுக்கு ஊராரிடம் வம்பு பேச எதுவும் கிடைக்கவில்லை.

வார்டில் பிராகோவின் குரல் முன்னைவிடக் கொடூரமாகிவிட்டதாகச் சொல்வார்கள். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவளைப் பார்த்து, “பெத்துட்டு ஓடிப்போக வந்தியா, இல்ல இருப்பியா?” என்று கேட்டாளாம். கேட்டது ஓர் ஆசிரியையை. பெரிய புகாராகி, அவளை வார்டிலிருந்து எடுத்துத் துணி வெளுக்கிற பகுதியில் போட்டுவிட்டார்கள். அங்கே திட்டுவதற்கு யாரும் இல்லை. தொட்டில்கட்டிலை யார் கேட்டும் அவள் தரவில்லை, அதில் துணி மடித்து வைத்தாள். தங்கை ஊரிலிருந்து செரேவா படிப்பை நிறுத்திவிட்டாள் என்று சேதி வந்தது. “அது அவ அம்மா பாடு” என்றாள் பிராகோ.

அடுத்த ஆண்டு திவாவுக்கு ஆசிரியர் பயிற்சிக்காக ஒரு மழலைப் பள்ளியில் இடம் போட்டார்கள். இல்லத்துக் குழந்தைகள் நடக்கத் தொடங்கியதுமே வந்துவிடுகிற பள்ளி அது. அஃபுவாவுக்கு இன்னும் எந்தக் குடும்பமும் கிடைக்கவில்லை, இல்லத்தில்தான் இருந்தாள். இதையெல்லாம் திவா முற்றத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் எதைத்தான் மறைக்க முடியும்? முதல் நாள் காலை அவள் புறப்படும்போது பிராகோ வாசல் கதவருகே காத்திருந்தாள். வேலைக்குப் போகிற உடையில் இருந்தாள். வழியை விடவில்லை.

“அங்க அஃபுவா வருவாளாமே.”

“ஆமா, ஆன்ட்டி.”

“என் பேரச் சொல்லாத. நான் கேட்டேன்னும் சொல்லாத. சும்மா பாரு.” சற்று நிறுத்தி, திவாவின் சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோலப் பிடித்துக்கொண்டாள். “இளைச்சுப் போயிருந்தான்னா வந்து எங்கிட்ட சொல்லு. கொழுகொழுன்னு இருந்து, எவளையாவது அம்மான்னு கூப்பிட்டான்னா, எங்கிட்ட ஒண்ணும் சொல்லாத, திவா. கேட்டாலும் சொல்லாத.”